கோலப் பெட்டி: யூவி விளக்கைக் கண்ணில் படாமல் ஒளித்த கதை

மந்தைவெளியில் அத்தை வீட்டுக் கீழ்த்தளத்தில் கார் நிறுத்த ஓர் இடம் உண்டு. காரை விற்று நான்கு வருடம் ஆகிறது. இப்போது அங்கே ஒரு சைக்கிளும் பழைய பீரோவும்தான். கார்த்திகை கடைசியில் ஒரு நாள் அத்தை அங்கே நின்றுகொண்டு, "இதை இருட்டாக்கிட்டு, உள்ள ஒரு கோலம் மட்டும் தானா ஒளிர்ற மாதிரி பண்ண முடியுமாடி?" என்று கேட்டார். நான் மேடை விளக்கு அமைக்கும் வேலையில் இருக்கிறேன். முடியும் என்று உடனே சொல்லிவிட்டேன். கோலம் அவர் பொறுப்பு, வெளிச்சம் என் பொறுப்பு. பொங்கலை ஒட்டி மூன்று நாள் மாலையில் தெருக்காரர்களுக்குத் திறந்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

அத்தை முடிவு செய்தது சிக்குக் கோலம்: 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி. நாலடிக்கு நாலடி பிளைவுட் பலகையில் மேட் கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். எந்தப் பொருள் ஒளிரும் என்று பார்க்க, ரூபாய் நோட்டு சோதிக்கும் சின்ன யூவி (புற ஊதா) டார்ச்சை எடுத்துக்கொண்டு இருவரும் ஒரு ராத்திரி சமையலறையைச் சுற்றி வந்தோம். கோலமாவு செத்த சாம்பல் மாதிரி கிடந்தது. கொடியில் காய்ந்த வேட்டி நீலமாகப் பளீரென்றது. சலவைத் தூளில் இருக்கும் வெண்மையூட்டியின் வேலை அது. மஞ்சள்தூளைக் காய்ந்தபடி பார்த்தால் சுமார்தான். அதையே கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்ததும் எலுமிச்சைப் பச்சையில் எரிந்தது. டானிக் வாட்டர் பாட்டிலில் இருக்கும் குவினைன் வெளிர் நீலம். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையைக் கரைத்தால் அதிலுள்ள பி2 மஞ்சள் கலந்த பச்சை. அத்தை அன்று தூங்கப் போகும்போது மணி ஒன்று.

கடைசியில் இழைக்குக் கடையில் கிடைக்கும் ஃப்ளோரசென்ட் பெயின்ட், புள்ளிகளுக்கு மஞ்சள் கரைசல் என்று முடிவானது.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ரிச்சி தெருவில் யூவி என்று கேட்டு வாங்கியது ஐந்து மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப். போட்டதும் அறை முழுக்க ஊதா. பலகை, சுவர், என் கை எல்லாமே ஊதா. இந்த ஸ்ட்ரிப்புகள் பெரும்பாலும் 395 முதல் 405 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டவை. புற ஊதா ஏ என்ற பிரிவு 315-இல் தொடங்கி 400-இல் முடிகிறது. அதாவது இவை அந்த எல்லைக் கோட்டிலேயே நிற்பவை. கண்ணுக்கு ஊதாவாகத் தெரியவும் செய்யும். அத்தை கேட்டது கறுப்புக்குள் கோலம் மட்டும். அதற்கு 365 வேண்டும். திரும்பப் போய் 3 வாட் 365 எல்இடிகள் 24, அலுமினியப் பட்டை இரண்டு, மாறா மின்னோட்ட டிரைவர் (எல்இடிக்கு எப்போதும் ஒரே அளவு மின்னோட்டம் தரும் கருவி) இரண்டு என்று வாங்கி வந்தேன். பட்டைக்குப் பன்னிரண்டு, அடியில் வெப்பப் பசை தடவி இறுக்கினேன்.

போட்டுப் பார்த்தேன். எல்இடி ஒவ்வொன்றும் மங்கலான, பால் கலந்த ஊதாப் புள்ளி. அவ்வளவுதான். எரிகிறதா என்றே சந்தேகம் வரும். ஆனால் பலகையில் கோலம் எழுந்து நின்றது. அத்தை வாயில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு ராத்திரியும் அந்தப் பட்டைகளோடுதான் இருந்தேன். எந்தக் கோணத்தில் திருப்பினால் நடுப்பகுதி இருட்டாகாது என்று, முகத்தை ஒரு அடி தூரத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடி எதுவும் போடாமல். மேடை விளக்கை நேரே பார்க்கக் கூடாது என்று கூட இருக்கும் பசங்களுக்கு நாள்தோறும் சொல்பவள் நான். இதைப் பார்த்தபோது அந்த எச்சரிக்கை மணி அடிக்கவே இல்லை. கண் கூசவில்லையே! இரண்டாம் நாள் நடுவில் பார்வையில் மெல்லிய நீலப் புகை படர்ந்த மாதிரி இருந்தது. பனி என்று நினைத்துக்கொண்டேன். மார்கழிதானே. ராத்திரி படுத்தபின் கண்ணில் நீர் வழிந்தது, மண் விழுந்த மாதிரி உறுத்தல்.

காலையில் கண் மருத்துவரிடம் போனேன். அவர் என் கண்ணில் ஒரு மஞ்சள் சாயத்தைத் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தைப் பாய்ச்சிக் கருவி வழியே பார்த்தார். அந்தச் சாயம் ஃப்ளோரசீன். கருவிழியின் மேல்தோல் எங்கே கெட்டிருக்கிறதோ அங்கே ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும். நான் பலகையில் செய்துகொண்டிருந்த அதே வேலையை அவர் என் கண்ணில் செய்துகொண்டிருந்தார். கீழ்ப்பக்கம் சில பொட்டுகள் இருப்பதாகவும், ஐந்து நாள் சொட்டு மருந்து விட்டால் சரியாகும் என்றும் சொன்னார். அப்புறம் ஒரு நிமிடம் நிறுத்திச் சொன்னது மனதில் நின்றுவிட்டது: கருவிழிக் காயம் மறுநாளே கத்திச் சொல்லிவிடும், ஆனால் 365 மாதிரியான கதிரைப் பெரும்பகுதி உள்வாங்குவது அதற்குப் பின்னால் இருக்கும் லென்ஸ், அது ஒன்றும் சொல்லாது, வருடக்கணக்கில் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு நாள் புரையாகக் காட்டும். நான் பார்த்த நீலப் புகையும் பனி இல்லை. புற ஊதா பட்டால் நம் லென்ஸே லேசாக ஒளிரும். அந்த ஒளி விழித்திரையில் விழுந்துதான் புகையாகத் தெரிகிறது. அந்தப் புகை தெரிந்தால் கதிர் கண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். "கண்ணு கூசலைன்னா ஒண்ணும் பண்ணாதுன்னுதானே நினைச்சேன்" என்றார். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். வெயிலைப் பார்த்தால் இமை தானாக மூடும், கண்ணின் பாப்பா (கண்மணி) சுருங்கும். அந்தக் காவல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கு ஏற்றபடி அமைந்தது. இருட்டறையில் 365 விளக்கு வைத்தால் பாப்பா இருட்டுக்காக அகலமாகத் திறந்திருக்கும், விளக்கு மங்கலாகத் தெரியும், இமை மூட ஒரு காரணமும் இருக்காது. போதாக்குறைக்கு, மங்கலாக இருக்கிறதே என்று நாம் இன்னும் இரண்டு எல்இடி சேர்ப்போம்.

இதன் பிறகு ஒரு புற ஊதா மீட்டர் வாங்கினேன். 365-க்கு அளவு திருத்தியது. இந்த வேலையில் இறங்குபவர்கள் மீட்டர் எந்த அலைநீளத்துக்கானது என்று பார்த்து வாங்குங்கள். 365-க்கானதை வைத்து 395 விளக்கை அளந்தால் குறைத்துக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேச அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு: புற ஊதா ஏ, எட்டு மணி நேரத்தில் கண்ணில் படக்கூடிய மொத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 ஜூல். விளக்குகளை அபாயப் பிரிவுகளாக வகுக்க ஐ.இ.சி. 62471 என்ற தரநிலை இருக்கிறது; நம் ஊரில் அது ஐ.எஸ். 16108. பெரிய விளக்குகளில் பிரிவு எண் அச்சிட்டிருக்கும். தனித்தனியாக வாங்கி நாமே கட்டுவதில் அதெல்லாம் கிடையாது. நாமேதான் அளக்க வேண்டும்.

பட்டையை நேராகப் பார்த்தபடி ஒரு அடியில் மீட்டரை வைத்தேன். சதுர சென்டிமீட்டருக்கு 1,900 மைக்ரோவாட். கணக்கு சின்னதுதான்: 1 ஜூலை 0.0019 வாட்டால் வகுத்தால் 526 வினாடி. ஒன்பது நிமிடம்கூட இல்லை. நான் அந்த இடத்தில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தேன்.

பார்வையாளர் நிற்கும் இடத்தில், என் கண் உயரத்தில், வெறும் 40 மைக்ரோவாட். ஐந்து நிமிடம் நின்று பார்த்துப் போகிறவருக்கு வரம்பில் நூற்றில் ஒரு பங்கு சொச்சம். பயமே இல்லை. ஆனால் மாலை முழுக்க நாற்காலி போட்டு அங்கேயே உட்காரப் போவது அத்தை. நான்கு மணி நேரத்துக்குப் போட்டால் 0.58 ஜூல், வரம்பில் பாதிக்கும் மேல். அவர் பகலிலும் உள்ளே உட்கார்ந்து இழை திருத்துவார். போன வருடம்தான் ஒரு கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறார். இப்போது வைக்கும் செயற்கை லென்ஸ்களில் புற ஊதாவைத் தடுக்கும் பொருள் கலந்திருப்பது வழக்கம். இன்னொரு கண் அப்படியே இருக்கிறது. கண்காட்சி வைப்பவர்கள் வந்து போகிறவர்களைப் பற்றித்தான் யோசிக்கிறோம். அறையிலேயே இருப்பவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மேல்வீட்டுப் பையனுக்கு ஆறு வயது. வேலை நடக்கும்போது எட்டிப் பார்க்க வந்தான். விளக்குப் பட்டைகளைப் பலகையின் இரண்டு ஓரத்திலும், மேலே ஒரு தகடு மறைக்கும்படி வைத்திருந்தேன். நின்று பார்த்தால் எல்இடி தெரியாது. அவன் கோலத்தை இரண்டு வினாடி பார்த்தான். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தகட்டுக்கு அடியில் தலையைச் சாய்த்து, "இது எங்கேருந்து வருது?" என்று ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தான். ஓடிப் போய் சுவிட்சை அணைத்தேன். அவன் போனபின் அதே இடத்தில் மீட்டரை வைத்தேன்: 2,600. ஆறரை நிமிடத்தில் ஒரு நாளுக்கான வரம்பு. குழந்தைகளின் லென்ஸ் நம்முடையதைவிடத் தெளிவு, புற ஊதாவை இன்னும் அதிகமாக உள்ளே விடும்.

அன்றைக்குத் தகடு போட்டு மறைக்கும் யோசனையையே கைவிட்டேன். நான் மறைத்தது ஐந்தரை அடியில் இருக்கும் என் கண்ணுக்கு மட்டும். இப்போது எந்த அமைப்பு செய்தாலும் முதலில் தரையில் உட்கார்ந்து பார்க்கிறேன், பிறகு படுத்துப் பார்க்கிறேன். மேலே பளபளப்பான ஏதாவது இருக்கிறதா என்றும். இந்த அறையில் அலுமினியப் பட்டையின் விளிம்பே கண்ணாடி மாதிரி கதிரைத் திருப்பி அடித்தது. அலுமினியம் புற ஊதாவை நன்றாகப் பிரதிபலிக்கும். அதற்கும் மேட் கறுப்பு அடித்தேன்.

தீர்வு பெட்டியாக வந்தது. ஒளிரும் கோலத்திலிருந்து நம் கண்ணுக்கு வருவது பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று சாதாரண வெளிச்சம். விளக்கிலிருந்து வருவது 365. முதலாவதை விட்டு இரண்டாவதைத் தடுக்கும் ஒரு மூடி இருந்தால் போதும். சாதாரண ஜன்னல் கண்ணாடி உதவாது, 365 அதன் வழியே நன்றாகவே போகும். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் சுமார் 380-க்குக் கீழே ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். 395 ஸ்ட்ரிப்பாக இருந்திருந்தால் இந்த வழியே கிடையாது, அது பாலிகார்பனேட்டைத் தாண்டி வந்துவிடும். ஊதா பிடிக்கவில்லை என்று மாற்றியது இங்கே கைகொடுத்தது.

3 மி.மீ. தெளிவான ஷீட் கேட்டேன். கடைக்காரர் நாலடி வெட்டிக் கட்டிக் கொடுத்தார். வீட்டில் வந்து ஓரத்துத் துண்டை வளைத்தேன், படக்கென்று உடைந்தது. பாலிகார்பனேட் அப்படி உடையாது, வளையும். அது அக்ரிலிக். விளக்குக்கும் ஒரு வெள்ளைத் தாளுக்கும் நடுவே பிடித்துப் பார்த்தேன்: தாள் கொஞ்சமும் மங்காமல் நீலமாக ஒளிர்ந்தது. திரும்ப எடுத்துப் போனபோது, "ரெண்டும் ஒண்ணுதான் மேடம், பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு" என்றார். பார்க்க ஒரே மாதிரிதான். மாற்றிக் கொடுத்தார். புதிய ஷீட்டை அதே தாளுக்கு முன் நீட்டினேன். ஷீட்டின் நிழல் விழுந்த இடம் மட்டும் கத்தரித்த மாதிரி இருண்டது. அந்தக் கோட்டை அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஷீட்டில் கை வைத்து, "இதுல ஒண்ணுமே தெரியலையே, இதுவா நிறுத்துது?" என்று தடவிப் பார்த்தார்.

கூரைக்கு விற்கும் பாலிகார்பனேட்டில் ஒரு பக்கம் மட்டும் புற ஊதா பூச்சு இருக்கும், மேலே ஒட்டிய பிலிமில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் விளக்கைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஷீட் சீக்கிரம் மஞ்சளாகும். பிலிமை உரிக்கும் முன் ஓரத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். உரித்த பிறகு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பெட்டியின் சுவர் முதலில் 20 செ.மீ. வைத்தேன். பட்டைகள் மிகத் தாழ்வாக இருந்ததால் ஓரத்து இழைகள் எரிந்தன, நடுவில் இருந்த புள்ளிகள் செத்துப்போயின. 30 செ.மீ. ஆக்கி, பட்டையை உள்நோக்கிக் கீழே சாய்த்ததும் பரவாயில்லை. முழுச் சீராக வரவில்லை. நடுவில் இருக்கும் தாமரைக்கு அத்தை பெயின்ட்டை இரண்டு கை கூடுதலாகப் பூசிச் சமன் செய்தார்.

மின்னோட்டத்தையும் குறைத்தேன், இது எனக்கே ஆச்சரியம். தெருவிலிருந்து நேராக உள்ளே வந்தால் கோலம் மங்கல். ஐந்தாறு நிமிடம் இருட்டில் நின்று கண் பழகினால் அதே கோலம் பிரகாசம். எனவே வாசலில் கறுப்புத் துணியால் ஒரு திருப்பம் வைத்து, கோலம் போட்ட கதையை அத்தை அங்கே நின்று சொல்வது என்று ஏற்பாடு. அவர் பேசி முடிப்பதற்குள் எல்லார் கண்ணும் தயாராகிவிடும். 700 மில்லி ஆம்பியரில் ஓட்டிக்கொண்டிருந்ததை 200-க்கு இறக்கியும் யாருக்கும் குறை தெரியவில்லை. பெயின்ட்டுக்கும் இது நல்லது, ஃப்ளோரசென்ட் சாயங்கள் யூவியிலேயே வெளுத்துப்போகக் கூடியவை.

மூடி போட்டபின் பெட்டிக்கு மேலே, பக்கத்தில், தரை மட்டத்தில் என்று பன்னிரண்டு இடத்தில் அளந்தேன். மீட்டரில் பூஜ்யம், சில இடங்களில் 1. மூடியும் சுவரும் சேரும் ஓரத்தில் மட்டும் 35 காட்டியது. அந்த இடுக்கைக் கறுப்பு ஃபோம் டேப்பால் அடைத்ததும் அதுவும் போனது.

வேலை செய்யும் நேரத்துக்குக் கண்ணாடி வேண்டுமே. வீட்டில் இருந்ததையெல்லாம் தாளின் முன் பிடித்துச் சோதித்தேன். என் பிளாட்பாரத்துக் கூலிங் கிளாஸ் வழியே தாள் நன்றாகவே ஒளிர்ந்தது. அதைப் போட்டிருந்தால் வெறுங்கண்ணைவிட மோசம்: கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பாப்பா இன்னும் விரியும், கதிருக்குத் தடை இருக்காது. அத்தையின் படிக்கும் கண்ணாடி முழுக்கத் தடுத்தது, ஆனால் பக்கவாட்டில் திறந்து கிடக்கிறது. பாரிமுனைப் பக்கம் தொழிற்சாலைச் சாமான் விற்கும் கடையில், பக்கமும் மூடும் பாலிகார்பனேட் கண்ணாடி இரண்டு வாங்கினோம். 395, 405 விளக்கோடு வேலை செய்பவர்களுக்குத் தெளிவான கண்ணாடி போதாது, மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்க வேண்டும்.

ஒன்றை இங்கே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கொரோனா நேரத்தில் கிருமி கொல்ல என்று வாங்கிய யூவி குழல்கள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அதுவும் யூவிதானே, கலைக்குப் பயன்படுத்தலாமே என்று யாராவது எடுத்துவிடாதீர்கள். அது 254 நானோமீட்டர், புற ஊதா சி. தெளிவான குழலாக, மெல்லிய நீலமாக எரியும். சில நிமிடங்களிலேயே கருவிழியைச் சுட்டுவிடும். வலி உடனே வராது, ஆறு, எட்டு மணி நேரம் கழித்து நடுராத்திரியில் வரும். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2023 நவம்பரில் ஹாங்காங்கில் ஒரு விழாவுக்குப் போன பலர் மறுநாள் விடிகாலை கண் திறக்க முடியாமல் எழுந்தார்கள். அங்கே ஒரு மூலையில் வைத்த அலங்கார யூவி விளக்குகள்தான் பெரும்பாலும் காரணம் என்று நடத்தியவர்களே பிறகு அறிவித்தார்கள். விழா நடக்கும்போது பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியவில்லை.

கடைசியாக மூடி. யாராவது தூக்கினால் விளக்கு அணைய வேண்டும். முதலில் பிரிட்ஜ் கதவு சுவிட்ச் வாங்கினேன். அது தலைகீழ்: கதவைத் திறந்தால் எரியும் வகை. மூன்று கால் உள்ள மைக்ரோ சுவிட்ச்தான் சரி. அழுத்தினால் இணையும் காலில் கம்பியைப் பற்றவைத்து, மூடியின் எடை அதை அழுத்தும்படி மூலையில் பொருத்தினேன். டிரைவருக்கும் எல்இடிக்கும் நடுவே இதைப் போடக் கூடாது. மாறா மின்னோட்ட டிரைவர் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்இடியைத் துண்டித்துத் திரும்ப இணைத்தால், அந்த நொடியில் பாயும் மின்னோட்டத்தில் எல்இடி போய்விடலாம். டிரைவருக்கு வரும் 230 வோல்ட் பக்கத்தில் போட்டேன், காப்புறை போட்டு, கை படாத டப்பாவுக்குள்.

போகிக்கு முந்தைய நாள் எல்லாம் தயார். அத்தை பெட்டி மேல் குனிந்து, மூக்கு ஷீட்டில் படும் அளவுக்குப் போய், ஒவ்வொரு இழையாகப் பார்த்தார். ஆறாவது வரிசையில் ஒரு சிக்கு தவறாகத் திரும்பியிருக்கிறது என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் மூடியை ஒரு பக்கம் தூக்கினார், கோலம் அணைந்தது. டியூப் லைட்டைப் போட்டேன். பழைய இழையைக் கறுப்பால் அழித்து, மெல்லிய தூரிகையால் சரியாகச் சுற்றி, காய்வதற்கு விசிறிவிட்டு, மூடியை இறக்கினார். "இப்ப லைட்டை அணை" என்றார்.